முன்னால் ஒரு பூஜ்யம்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "தொழில் சம்பந்தமா பதினைந்து நிமிஷம் பேசுப்பா. ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம் பேசறே, ஞாபகம் வெச்சுக்கோ" என்றார். அதனால் கணக்கு, வரைபடம் எதுவும் இல்லை. ஒரே ஒரு பூஜ்யத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஓர் உருட்டாலையில். பில்லட்டைச் சூடாக்கிக் கம்பியாக உருட்டும் தொழிற்சாலை. நான் மின் பராமரிப்புப் பிரிவு. மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், கிரேன் இவற்றோடு இன்டர்காம் பெட்டியும் என் தலையில்தான். எந்தத் தொழிற்சாலையிலும் இ.பி.ஏ.பி.எக்ஸ். என்பது யாருக்கும் வேண்டாத பிள்ளை. கெட்டுப்போனால்தான் அதற்கு அப்பா யார் என்று தேடுவார்கள்.

2021 ஜனவரி. பொங்கல் 14-ஆம் தேதி வந்தது. உள்ளூர் ஆட்கள் எல்லோரும் லீவு. காணும் பொங்கல் கழிந்த ஞாயிறு இரவு ஷிப்டில் பெரும்பாலும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள்தான். இரவு இரண்டு மணி இருக்கும். ஷியரிங் மெஷின் பக்கத்தில் ஒரு பையனுக்குக் கை மாட்டிக்கொண்டது. வலது கை. சூப்பர்வைசர் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு கேட்டுக்கு இன்டர்காம் போட்டார்: "வண்டியை வரச் சொல்லுங்க."

கம்பெனி வேன் டிரைவர் அரை கிலோமீட்டரில் குடியிருக்கிறார். கேட்டில், போனுக்கு மேலே, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பட்டியல் தொங்கும். டிரைவர், டாக்டர், பாதுகாப்பு அதிகாரி என்று வரிசையாக எண்கள். உச்சியில், "முதலில் 0 போடவும். டயல் டோன் வந்ததும் எண்ணை அழுத்தவும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை டைப் அடித்து ஒட்டியது நான்தான்.

செக்யூரிட்டி அண்ணன் ஐம்பது வயதைத் தாண்டியவர், நிதானமான மனிதர். பட்டியலில் சொன்னபடி 0 போட்டார், டோன் வந்தது, டிரைவரின் பத்து எண்களையும் அழுத்தினார். மணி அடிக்கவில்லை. பதிவு செய்த ஒரு குரல் வந்தது. செல்போன் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்து டயல் செய்யுங்கள் என்றது அந்தக் குரல்.

பூஜ்யம்தான் போட்டாயிற்றே! தப்பாக அழுத்திவிட்டோம் போல என்று மறுபடி 0 போட்டார், பத்து எண்ணையும் அழுத்தினார். அதே குரல். டாக்டர் எண்ணுக்குப் போட்டார். அதே குரல். மூன்றாவது எண், நான்காவது எண். மறுநாள் காலை என்னிடம் அவர் சொன்னது இது: "ஜீரோ போடு, ஜீரோ போடுன்னே சொல்லுது சார். அதான் போட்டேனே சார். இன்னும் எத்தினி தடவை போடறது?"

இதில் அவர் தப்பு எதுவும் இல்லை. அவர் போட்ட பூஜ்யத்தை எங்கள் பெட்டி தின்றுவிட்டது. வெளி லைனைப் பிடித்துக் கொடுப்பதோடு அந்தப் பூஜ்யத்தின் ஆயுள் முடிந்துவிடும், அது எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேரவே சேராது. எக்ஸ்சேஞ்ச் கேட்டது வேறு பூஜ்யம். 2021 ஜனவரி 15 முதல், நாடு முழுவதும் தரைவழி போனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டிருந்தது. அந்த 15-ஆம் தேதி மாட்டுப் பொங்கல். உத்தரவு அதற்கு முந்தைய நவம்பரிலேயே வந்துவிட்டது. நான் பேப்பரில் படித்தேன். "ஓ, சரி" என்று பக்கத்தைத் திருப்பினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. அண்ணன் ஒருவேளை புரிந்துகொண்டு இரண்டு பூஜ்யம் போட்டிருந்தாலும் லைன் போயிருக்காது. கேட் போனிலிருந்து யாரும் எஸ்.டி.டி. பேசிவிடக் கூடாது என்று பல வருஷத்துக்கு முன்பே அந்த எக்ஸ்டென்ஷனுக்கு ஜீரோ லாக் போட்டிருந்தோம். எஸ்.டி.டி. பில் ஒரு செலவாக இருந்த காலத்துப் பூட்டு. அந்தச் செலவு போய் எத்தனையோ வருஷமாகியும் பூட்டு மட்டும் அப்படியே இருந்தது. தரைவழி இணைப்பு எல்லாவற்றுக்கும் ஜீரோ வசதி திறந்து கொடுக்க வேண்டும் என்று அதே உத்தரவில் கம்பெனிகளுக்குச் சொல்லியிருந்தார்கள். எக்ஸ்சேஞ்சில் திறந்துதான் இருந்தது. மூடியிருந்தது என் பெட்டியில்.

ஷாப் ஃப்ளோரில் செல்போன் கூடாது என்பதால் எல்லார் போனும் லாக்கரில். அண்ணன் போனில் ரீசார்ஜ் முடிந்திருந்தது. 108 நினைவுக்கு வந்தபோது, அந்தக் குரல் சொன்ன பூஜ்யத்தையும் சேர்த்து அழுத்தியிருக்கிறார். அது பூட்டில் மாட்டி 'கூங்' என்றது. கடைசியில் கேட்டுக்கு வெளியே லோடுக்காகக் காத்திருந்த நெல்லூர்ப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் இறங்கி வந்து தன் செல்போனைக் கொடுத்தார். அதிலிருந்து டிரைவர் எண்ணை, பூஜ்யமே இல்லாமல், பத்து எண் மட்டும் அழுத்தினார்கள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

பத்துப் பன்னிரண்டு நிமிஷம் போய்விட்டது. அந்தப் பையனின் கை தப்பியது. ஒரு விரலின் நுனி போய்விட்டது. அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்கும் அந்த விரல் நுனிக்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை, நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

மறுநாள் பூட்டைத் திறந்தேன், பட்டியலை மாற்றினேன். அதோடு விடாமல் கம்பெனியின் மொத்த போன் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நூற்று நாற்பது எண்கள். உள்ளூர், வெளியூர், வெளிநாடு. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நாம் எண் என்று எழுதி வைப்பதில் இரண்டு சமாச்சாரம் கலந்து கிடக்கிறது. ஒன்று விலாசம். இன்னொன்று நாம் நிற்கிற இடத்திலிருந்து அங்கே போகிற வழி. விலாசம் மாறாது. வழி, நிற்கிற இடத்துக்கு இடம் மாறும். செல்போனிலிருந்து பத்து எண். தரைவழியிலிருந்து முன்னால் ஒரு பூஜ்யம். கம்பெனி இன்டர்காமிலிருந்து இரண்டு பூஜ்யம். மூன்றும் ஒரே டிரைவருக்குத்தான். நான் கேட்டில் ஒட்டி வைத்திருந்தது வழியை. சாலையை மாற்றியதும் என் பட்டியல் செத்துப்போனது.

நம்ம பக்கத்துக் கதையையே பாருங்கள். 1990-களில் பொன்னேரிப் பக்கத்துக்கு எஸ்.டி.டி. குறியீடு 04119. திருவள்ளூருக்கு 04116. செங்கல்பட்டுக்கு 04114, காஞ்சிபுரத்துக்கு 04112. 2000-க்குப் பின் வந்த சில வருஷங்களில் இவை எல்லாவற்றையும் சென்னையின் 044-க்குள் இழுத்துக்கொண்டார்கள். குறியீடும் எண்ணும் சேர்ந்து மொத்தம் பத்து என்ற கணக்குக்கு நாடு வந்த காலம் அது. ஆனால் பழைய எலும்பு உள்ளேயே இருக்கிறது. காஞ்சிபுரம் எண்கள் 272 என்று தொடங்கும், செங்கல்பட்டு 274, திருவள்ளூர் 276, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி 279. பழைய குறியீட்டின் கடைசி எண், புதிய எண்ணின் மூன்றாவது இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. யாரோ ஒரு தொலைபேசித் துறை இஞ்சினியர், நம்மைப் போல ஒருவர், நிதானமாக யோசித்துச் செய்த வேலை. அவர் யார் என்று தெரியாது. தெரிந்தால் கையைப் பிடித்துக் குலுக்குவேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சென்னையும் நாங்களும் ஒரே 044. ஆரம்பாக்கம் தாண்டி, லாரி டிரைவர்கள் டீ குடிக்க இறங்குகிற தடா எங்களுக்கு வெளியூர், அதற்கு 08623. எலெக்ட்ரிக் டிரெயின் கும்மிடிப்பூண்டியோடு நிற்காமல் சூளூர்பேட்டை வரை போகிறது, போனுக்கு மட்டும் எல்லை. எங்கள் காண்ட்ராக்டர்களில் பாதிப் பேரிடம் ஆந்திரா சிம். வேறு வட்டத்துச் செல்போன் என்பதால் அவர்களுக்கு 2021-க்கு முன்பும் பூஜ்யம் சேர்த்துத்தான் பேச வேண்டும். ஆகப் பட்டியலில் சில செல் எண்கள் பூஜ்யத்தோடும் சில பூஜ்யமில்லாமலும் இருந்தன. ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

சரி, அரசு எதற்காக அந்தப் பூஜ்யத்தைக் கேட்டது? அது புரிந்தால் கோபம் போய்விடும். தரைவழி எண்கள் 2, 3, 4, 6 என்று தொடங்குகின்றன. செல் எண்கள் பெரும்பாலும் 9, 8, 7. செல் எண்கள் தீர்ந்துகொண்டே வந்தன. 2-இல் தொடங்குகிற ஒரு புதிய செல் எண்ணைக் கொடுத்தால், கேட் போனில் நீங்கள் 2 அழுத்தியதும் எக்ஸ்சேஞ்ச் குழம்பும்: இது பக்கத்துத் தெருவா, செல்லா? முன்னால் பூஜ்யம் வந்துவிட்டால் குழப்பம் இல்லை. அந்த ஒரு பூஜ்யத்தால் 250 கோடிக்கு மேல் புதிய எண்களுக்கு இடம் கிடைக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். இல்லாவிட்டால் செல் எண்ணையே பதினொன்றாக ஆக்கியிருக்க வேண்டும். அது எவ்வளவு பெரிய தலைவலி என்று பாங்கில் வேலை செய்கிற நண்பர்களைக் கேளுங்கள்.

இப்போது வெளிநாட்டு எண்களுக்கு வருகிறேன். எங்கள் கியர்பாக்ஸ் ஜெர்மனியிலிருந்து வந்தது. அவர்கள் கடிதத்தாளில் எண் '+49' என்று தொடங்கி, அடுத்து அடைப்புக்குறிக்குள் ஒரு (0), அப்புறம் ஊர்க் குறியீடு என்று போகும். அந்த (0) ஜெர்மனிக்குள்ளிருந்து பேசுகிறவர்களுக்கு. வெளியிலிருந்து வருகிறவர்கள் அதை விட்டுவிட வேண்டும். எங்கள் ஸ்டோர்ஸில் அடைப்புக்குறியை எடுத்துவிட்டு பூஜ்யத்தை வைத்துக்கொண்டார்கள். லைன் போகவில்லை. இது போதாதென்று, எங்கள் கம்ப்யூட்டர் படிவம் பத்து எண்ணுக்கு மேல் ஏற்காது. போன் நம்பர் என்றால் பத்து என்பது இங்கே வேதவாக்கு! ஜெர்மனியில் அப்படி ஒரு நிர்ணயமே கிடையாது. சின்ன ஊரில் குட்டையான எண், பெரிய கம்பெனிக்கு நீளமான எண். கம்பெனியின் அடிப்படை எண்ணுக்குப் பின்னால் 0 போட்டால் ரிசப்ஷன், இரண்டு மூன்று எண் சேர்த்தால் நேராக சர்வீஸ் இஞ்சினியர் மேஜை. அந்த வால்தான் முக்கியம். எங்கள் படிவம் அந்த வாலைத்தான் வெட்டியிருந்தது.

ஜெர்மனியில் கற்ற பாடத்தை வைத்துக்கொண்டு இத்தாலி எண்ணிலும் பூஜ்யத்தை எடுத்தேன். அதுவும் போகவில்லை. 1998-இலிருந்து இத்தாலியில் அந்தப் பூஜ்யம் எண்ணிலேயே ஒரு பகுதி. மிலானுக்கு +39 02, ரோமுக்கு +39 06, உலகத்தின் எந்த மூலையிலிருந்து பேசினாலும் பூஜ்யத்தோடுதான். சிங்கப்பூரில் ஊர்க் குறியீடே கிடையாது, 65-க்குப் பின்னால் எட்டு எண், அவ்வளவுதான். தரைவழி என்றால் 6-இல் தொடங்கும். அந்த 6 கூட 2002-இல் சேர்த்ததுதான். அமெரிக்காவில் வெளியூருக்கு முன்னால் போடுவது 1, நாட்டின் குறியீடும் 1. ஹங்கேரியில் வெளியூருக்கு 06. நாட்டை விட்டு வெளியே பேச நாம் 00 போடுகிறோம், அமெரிக்காவில் 011, ஜப்பானில் 010. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய முடியாது என்பதற்காகத்தான் + என்ற குறி. 'நீ நிற்கிற நாட்டிலிருந்து வெளியே போகிற கதவை இங்கே போட்டுக்கொள்' என்று அதற்கு அர்த்தம். அதற்குப் பின்னால் வருவதுதான் அசல் விலாசம், நாட்டுக் குறியீடும் சேர்த்து அதிகபட்சம் பதினைந்து எண். பல செல்போன்களில் அந்த + எங்கே இருக்கிறது தெரியுமா? 0 பொத்தானை அமுக்கிப் பிடித்தால் வரும்.

நாட்டுக் குறியீடுகளிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 1960-களில் உலகத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்தார்கள். வட அமெரிக்கா 1, ஆப்பிரிக்கா 2, ஐரோப்பா 3-ம் 4-ம். நாம் 9. பாகிஸ்தான் 92, ஆப்கானிஸ்தான் 93, இலங்கை 94, பர்மா 95. சின்ன நாடுகளுக்கு மூன்று எண்: நேபாளம் 977, துபாய் இருக்கிற அமீரகம் 971. துபாய் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பழைய விசிட்டிங் கார்டில் 91 போடாமல் 044-2792 என்று மட்டும் அச்சடித்திருந்தோம். துபாயிலிருந்து ஒரு வாடிக்கையாளர் ஒரு வாரம் முயற்சி செய்திருக்கிறார். அவர் வெளிநாட்டுக்கு என்று 00 போட்டு, பூஜ்யத்தை நீக்கி, 44 போட்டிருக்கிறார். 44 யாருடையது? பிரிட்டனுடையது! கும்மிடிப்பூண்டிக் கம்பிக்கு லண்டன் பக்கம் விசாரித்தால் என்ன பதில் வரும்?

பிரிட்டன் என்றதால் ஒன்று சொல்ல வேண்டும். 1995 ஏப்ரல் 16 அன்று அவர்கள் நாடு முழுவதும் ஊர்க் குறியீட்டில் பூஜ்யத்துக்கு அடுத்து ஒரு 1 சேர்த்தார்கள். லண்டனின் 071 என்பது 0171 ஆனது. ஆனால் 1994 ஆகஸ்டிலிருந்தே புதியதும் பழையதும் இரண்டும் வேலை செய்தன. எட்டு மாதத்துக்கு மேல் எதைப் போட்டாலும் மணி அடித்தது. பட்டியல்களை மாற்ற ஜனங்களுக்கு அவகாசம். நமக்கு உத்தரவுக்கும் அமலுக்கும் நடுவே இரண்டு மாதம் கூட இல்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. இரண்டு மாதம் எனக்குத் தாராளமாகப் போதும், நான் செய்யவில்லை.

இந்த விஷயத்தில் எங்கள் ஆலையில் என்னைவிடத் தெளிவாக இருந்தவர் ஒருவர் உண்டு. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அங்கிருந்து எங்களிடம் பெயின்டிங் வேலைக்கு வருகிற ஒரு பெரியவர். நான் பட்டியலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, யாழ்ப்பாணத்துக்குள்ள எண்டால் 021. இஞ்ச இருந்து எடுத்தால் 94-க்குப் பிறகு 21 மட்டும்தான். சைபரைக் கரையில விட்டிட்டுத்தான் கடலைத் தாண்ட வேணும்." முப்பது வருஷமாக அக்காவோடு போனில் மட்டுமே பேசி வாழ்ந்தவர் அவர். எஸ்.டி.டி. பூத் வாசலில் க்யூவில் நின்று, மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கற்றுக்கொண்ட பாடம். புதிய பட்டியலை அவர் ஒரு முறை பார்த்த பிறகுதான் உறை போட்டேன்.

இப்போது கேட்டில் இரண்டு பட்டியல் தொங்குகிறது. ஒன்றில் + போட்ட முழு விலாசங்கள். இன்னொன்றில் அந்த ஒரு போனிலிருந்து அழுத்த வேண்டியது மட்டும், எண்ணுக்கு எண், இரண்டு பூஜ்யத்தோடு. 108-க்கு மட்டும் ஒரே பூஜ்யம், சிவப்பு மையில். மாதம் முதல் தேதி செக்யூரிட்டி அண்ணன் ஒவ்வொன்றாக அழுத்தி, மணி அடிக்கிறதா என்று பார்த்து டிக் போடுகிறார். டிரைவர் மட்டும் அலுத்துக்கொள்கிறார். 2025 பிப்ரவரியில் டிராய் இன்னொரு பரிந்துரை கொடுத்தது: தரைவழியிலிருந்து தரைவழிக்குப் பேசினாலும் பூஜ்யமும் ஊர்க் குறியீடும் சேர்த்து முழுசாக அழுத்தும் முறைக்கு மாற வேண்டும் என்று. அது அமலுக்கு வரும்போது அந்த இரண்டாவது பட்டியலை மறுபடி அடிக்க வேண்டும். முதல் பட்டியலில் கை வைக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தச் சந்திப்புக்கு அழைப்பு விடுக்க என்னிடம் 1990-களில் அச்சிட்ட நம் சங்கத்தின் முகவரிப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். ஏழு எண் கொண்ட சென்னை நம்பர்கள், குறியீடே இல்லாத ஐந்து எண் நம்பர்கள், 'பி.பி.' போட்ட பக்கத்து வீட்டு நம்பர்கள். பாதிக்கு மேல் லைன் போகவில்லை. வாசல் மேஜையில் புதிய படிவம் இருக்கிறது. தயவுசெய்து + போட்டு, நாட்டுக் குறியீட்டோடு எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கட்டம் பத்தாவிட்டால் ஓரத்தில் எழுதலாம், வாலை வெட்ட மாட்டேன் என்று உறுதி தருகிறேன்.

அந்தப் பழைய புத்தகத்தில் பொன்னேரி முகவரியோடு ஒரு பெயர் இருந்தது. 04119, பின்னால் ஐந்து எண். நான் பிறப்பதற்கு முன்பே படித்து முடித்த சீனியர். ஒரு யோசனை தோன்றி, அந்த ஐந்து எண்ணுக்கு முன்னால் 044-279 சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். நாலைந்து மணி அடித்தது. "யாருப்பா?" என்று ஒரு குரல். அவர் இதோ, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.